பெயர் தேடிய தகப்பன்



போரில் உயிர்நீத்த ஓர் இளம் வீரனை நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். இப்படிக் கேட்டதும் நம் மனசு எங்கே போகும்? மலை உச்சியில் கொடி நாட்டியவனிடம் போகும். மார்பில் பதக்கம் மின்னுகிறவனிடம் போகும். தனியாளாக நின்று ஒரு படையைத் தடுத்தவனிடம் போகும். அவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவன் வீரப் பதக்கம் எதுவும் வாங்காதவன். போர்முனையில் அவன் இருந்தது ஆறு வாரம். உண்மையான சண்டையில் அவன் நின்றது ஒரே ஒரு பிற்பகல். அவன் வயது 18. அவன் பெயர் ஜான் கிப்ளிங்.

கிப்ளிங் என்றதும் உங்களில் பலர் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஆம், அதே கிப்ளிங் வீட்டுப் பிள்ளைதான். மௌக்லியையும் பகீராவையும் பலூவையும் படைத்த ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன். தந்தை 1865இல் பம்பாயில் பிறந்தவர். 1907இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருக்கு மூன்று குழந்தைகள். மூத்த மகள் ஜோசஃபின் 1899இல், ஆறு வயதில், நிமோனியாவில் போய்விட்டாள். மிஞ்சியவர்கள் இருவர்: மகள் எல்சி, மகன் ஜான்.

எத்தனையோ பேர் இருக்க, இவனை ஏன் எடுத்தேன்? போரில் இறந்தவனை நினைவுகூர்வது என்றால் என்ன என்ற கேள்வியை, இவன் கதையைப் போல முழுமையாக நம்முன் வைக்கும் கதையை நான் அறியேன். மாலை போடுவதா நினைவுகூர்தல்? இரண்டு நிமிடம் எழுந்து நிற்பதா? "அமரர்" என்று அடைமொழி கொடுப்பதா? நான் சொல்கிறேன்: நினைவுகூர்தலுக்கு மூன்று காரியம் வேண்டும். அவன் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் வயதைச் சொல்ல வேண்டும். அவனை அனுப்பியவர் யார் என்று கேட்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சடங்கு. மூன்றும் சேர்ந்தால்தான் நினைவு.

அன்பர்களே, அனுப்பியவரிலிருந்தே தொடங்குகிறேன்.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. ஜானுக்கு அந்த மாதம் 17 வயது நிறைகிறது. பையனுக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கடற்படைக்குப் போகும் வாய்ப்பு இந்தக் கண்ணாலேயே இல்லாமல் போயிற்று. தரைப்படையில் சேரப் போனான், அங்கும் மருத்துவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? சட்டம் விட்டது, மருத்துவர் விட்டார், கண் விட்டது. தகப்பன் விடவில்லை.

கிப்ளிங் அப்போது ஊர் ஊராகப் போய் இளைஞர்களைப் படைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். "உங்கள் பிள்ளைகளைக் கொடுங்கள்" என்று கேட்கிறவர் தம் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எப்படி? தமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் போனார். அவர் லார்ட் ராபர்ட்ஸ். ஒருகாலத்தில் நம் சென்னை ராணுவத்துக்குத் தளபதி, பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. ஐரிஷ் கார்ட்ஸ் என்ற படைப்பிரிவின் கௌரவத் தலைமை அவரிடம் இருந்தது. பெரிய இடத்துச் சிபாரிசு. வேலை முடிந்தது. கண் தெரியாத பையனுக்கு அதிகாரி உத்தியோகம் கிடைத்தது. அந்த ராபர்ட்ஸ் அதே ஆண்டு நவம்பரில், பிரான்சில் இந்தியச் சிப்பாய்களைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியா கண்டு, 82 வயதில் இறந்தார். சிபாரிசு செய்தவர் போய்விட்டார். சிபாரிசு நின்றது.

இங்கே நம் ஒக்கூர் மாசாத்தியாரை நினைக்காமல் இருக்க முடியுமா? புறநானூற்றில் அவர் பாடும் ஒரு தாய். முன்னொரு நாள் போரில் பிறந்த வீட்டு ஆணைப் பறிகொடுத்தவள், அடுத்த போரில் கணவனைப் பறிகொடுத்தவள். இன்றைக்கும் பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். அவன் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளை ஆடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களம் நோக்கி அனுப்புகிறாள். இந்தப் பாட்டைப் பள்ளியில் படிக்கும்போது மெய்சிலிர்த்திருப்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டு அவன் புறப்படுவதோடு நிற்கிறது. அவன் திரும்பினானா? அன்றிரவு அந்தத் தாய் என்ன செய்தாள்? மறுநாள் யாரிடம் போய் விசாரித்தாள்? பாட்டு சொல்லவில்லை. பாட்டு நின்ற இடத்திலிருந்துதான் கிப்ளிங்கின் கதை தொடங்குகிறது.

ஜான் எசெக்ஸில் வார்லி முகாமில் பயிற்சி பெற்றான். 1915 ஆகஸ்டில், 18 வயது நிறையும் வேளையில், கடல் தாண்டிப் பிரான்சுக்குப் போனான். அங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான். விடுதியில் சேர்ந்த பிள்ளை எழுதுகிற கடிதம் போலத்தான்: இது அனுப்புங்கள், அது அனுப்புங்கள். செப்டம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில், போகிறபோக்கில் ஒரு வேண்டுகோள். கழுத்தில் போட்டிருக்கும் அடையாளத் தகட்டைத் தொலைத்துவிட்டேன், புதிதாக ஒன்று வாங்கி அனுப்புங்கள் என்று கேட்டான். நூலில் கோத்த அலுமினியத் தகடு. பெயர் பொறித்த சிறு வட்டம். செத்தால் இவன் இன்னான் என்று சொல்வதற்காகப் போடுகிற தகடு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது தொலைந்துபோன சாமான்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அவன் போரிடப் போன லூஸ், வடக்குப் பிரான்சில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. மறைந்துகொள்ள மரமில்லாத சமவெளி, நடுநடுவே சுரங்கக் கழிவு மேடுகள். 1915 செப்டம்பர் 25 அன்று பிரிட்டிஷ் படை அங்கே தாக்குதலைத் தொடங்கியது. பீரங்கிக் குண்டுகள் போதவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, பிரிட்டிஷ் படை முதன்முறையாகக் குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்டது. சில இடங்களில் காற்று திரும்பி அடித்தது. விட்ட வாயு விட்டவர்கள் மேலேயே வந்து கவிந்தது. பின்னால் நிறுத்தியிருந்த துணைப் படைகள் வந்து சேரத் தாமதமாயிற்று. அவை இரவெல்லாம் மழையில் நடந்து களைத்து வந்து, மறுநாள் அறுபடாத முள்கம்பி வேலிக்கு எதிரே அனுப்பப்பட்டு, எந்திரத் துப்பாக்கிகளுக்கு ஆயிரக்கணக்கில் இரையாயின. லூஸ் போரில் பிரிட்டிஷ் தரப்புச் சேதம், இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து, சுமார் 60,000. தலைமைத் தளபதி சர் ஜான் ஃபிரெஞ்ச் ஆண்டு முடிவதற்குள் பதவி இழந்தார். அவர் இழந்தது பதவி.

செப்டம்பர் 27 பிற்பகல் ஐரிஷ் கார்ட்ஸின் இரண்டாம் பட்டாளம் ஒரு சிறு காட்டை நோக்கி முன்னேறியது. சுண்ணாம்புக் குழிக்காடு என்று அதற்குப் பெயர். காட்டைப் பிடித்தார்கள். அதற்கப்பால் சுரங்கக் கட்டடம் ஒன்று இருந்தது. அதை நோக்கிப் போனவர்களில் ஜானும் ஒருவன். எந்திரத் துப்பாக்கி வெடித்தது. அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் வீட்டுக்குச் செய்தி வந்தது: காயம்பட்டு, காணாமற்போனார்.

காணாமற்போனார்! தாய்மார்களே, இறந்தான் என்றால் அழலாம். பிழைத்தான் என்றால் சிரிக்கலாம். காணாமற்போனான் என்றால் என்ன செய்வது? கிப்ளிங்கும் அவர் மனைவி கேரியும் தேடினார்கள். மருத்துவமனை மருத்துவமனையாகப் போனார்கள். ஐரிஷ் கார்ட்ஸ் சிப்பாய் யார் காயத்தோடு திரும்பினாலும் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார்கள்: எங்கள் பிள்ளையைப் பார்த்தாயா? கடைசியாக எங்கே பார்த்தாய்? நின்றானா, விழுந்தானா? ஜெர்மன் மொழியில் துண்டறிக்கை அச்சடித்து விமானத்திலிருந்து எதிரிகளின் பக்கம் போடவும் ஏற்பாடு செய்தார்கள். யாரை மனிதர் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று மேடையில் முழங்கினாரோ, அந்த ஜெர்மானியர்களிடமே, என் மகனைக் கண்டீர்களா என்று அந்த மனிதர் கேட்டார்.

கிப்ளிங்கின் நண்பர் ரைடர் ஹாகார்ட். அவரும் புகழ்பெற்ற நாவலாசிரியர். அவரும் தம் பங்குக்கு விசாரித்தார். ஐரிஷ் கார்ட்ஸ் சிப்பாய் ஒருவர் அவரிடம் தாம் பார்த்ததைச் சொன்னார். வாய்ப்பகுதி குண்டடிபட்டுச் சிதைந்த ஓர் இளம் அதிகாரி, அதன்மேல் கட்டுத்துணியைச் சுற்ற முயன்றுகொண்டிருந்தார். வலி தாளாமல் அழுதுகொண்டிருந்தார். உதவப் போயிருப்பேன், ஆனால் அதிகாரி அழுவதை ஒரு சிப்பாய் பார்த்தால் அவருக்கு அவமானமாக இருக்குமே என்று போகவில்லை என்றார் அந்தச் சிப்பாய். ஹாகார்ட் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். கிப்ளிங்கிடம் சொல்லக் கூடாது என்று முடிவும் செய்தார்.

ஒரு பிள்ளை வலியில் அழுகிறான். பக்கத்தில் உதவ மனமுள்ளவன் இருக்கிறான். ஆனாலும் போக முடியவில்லை. ஏன்? அவன் அதிகாரி, இவன் சிப்பாய். வீரன் அழக் கூடாது. இந்த விதியை யார் எழுதியது? மேடைகள் எழுதின. பாட்டுகள் எழுதின. கிப்ளிங்கின் பேனாவும் எழுதியது. அதனால்தான் சொல்கிறேன், வீரனை நினைவுகூரும்போது அவன் வயதைச் சொல்லுங்கள். பதினெட்டு என்று சொல்லுங்கள். வயதைச் சொன்னால் அவன் சிலையாக மாட்டான், பிள்ளையாகவே இருப்பான்.

இனி, அன்பர்களே, கதையின் அடுத்த பாகம். மகன் கிடைக்கவில்லை. தகப்பன் என்ன செய்தார்?

முதல் காரியம், மகனின் பட்டாளத்துக்கு வரலாறு எழுத உட்கார்ந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். நாட்குறிப்புகளைப் புரட்டினார், பிழைத்து வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டார். 1923இல் இரண்டு பாகங்களாக அது வெளிவந்தது. அதில் லூஸ் போர் வரும் பக்கத்தைத் திறந்தால், மகனைப் பற்றிக் கண்ணீர் வடித்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். இல்லை. மற்ற அதிகாரிகளின் பெயர் எப்படி வருகிறதோ அப்படியே ஜானின் பெயரும் வருகிறது. காயம்பட்டு, காணாமற்போனார். அவ்வளவுதான். தன் பிள்ளைக்கு ஒரு வரி கூட அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் காரியம் இன்னும் பெரியது. ஃபேபியன் வேர் என்ற மனிதரின் முயற்சியால் 1917 மே மாதம் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம் பிறந்தது. இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்கிறோம். அதே ஆண்டு கிப்ளிங் அதில் சேர்ந்தார். கல்லில் பொறிக்கும் சொற்களுக்குப் பொறுப்பு அவருடையது. இறந்தவர் யாரென்று தெரியாத கல்லறையில் என்ன எழுதுவது? ஆண்டவனுக்குத் தெரிந்தவன் என்று பொருள்படும் வாசகத்தைக் கொடுத்தவர் அவர்தான். பெரிய நினைவுக் கல்லில் என்ன பொறிப்பது? இறந்தோரின் பெயர் அழியாது என்னும் விவிலியத் தொடரைத் தேர்ந்தவரும் அவர்தான்.

அந்த ஆணையம் வகுத்த கொள்கைகளைக் கேளுங்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் தனிக் கல், அல்லது நினைவுச் சின்னத்தில் பெயர். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். சுமார் 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். பணக்கார வீட்டுப் பிள்ளை என்று ஓர் அங்குலம் கூடாது, கூலிக்காரன் மகன் என்று ஓர் அங்குலம் குறையாது. குடும்பத்தார் விரும்பினால் அடியில் தம் சொந்த வாசகம் சேர்க்கலாம், இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துக்குள். உடலை ஊருக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதியில்லை. ஏன்? கொண்டுபோக வசதியுள்ளவன் கொண்டுபோவான், இல்லாதவன் என்ன செய்வான்?

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது. என் பிள்ளைக்குச் சிலுவை வைக்க விடுங்கள், என் பிள்ளையின் உடலைத் தாருங்கள் என்று தாய்மார் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? 1920 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது விவாதத்துக்கு வந்தபோது, கிப்ளிங் எழுதிய ஒரு கடிதம் அங்கே படிக்கப்பட்டது. எங்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறையே வாய்க்கப் போவதில்லை, எங்கள் பையன் லூஸில் காணாமற்போனவன், தெரிந்த ஓர் இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இவர்களுக்குப் புரியவில்லையே என்பது அதன் சாரம். சபை ஆணையத்தின் பக்கம் நின்றது.

கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா? நெகிழ்ந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

ஏனென்றால் அதே 1920இல் இன்னொன்றும் நடந்தது. ஜாலியன்வாலா பாக்கில் சுடச்சொன்ன ஜெனரல் டயருக்காக இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை நிதி திரட்டியது. அதற்குப் 10 பவுன் கொடுத்தவர்களில் ருட்யார்ட் கிப்ளிங்கும் ஒருவர். மகனைப் பறிகொடுத்த தகப்பன்! பெயரில்லாக் கல்லறைக்காக உருகிய தகப்பன்! அமிர்தசரஸில் செத்த பிள்ளைகளுக்கும் தகப்பன்மார் உண்டு என்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. துக்கம் மனிதனைப் பெரியவனாக்கும் என்கிறார்கள். எப்போதும் ஆக்குவதில்லை, அன்பர்களே. துக்கம் ஒரு சன்னலைத் திறக்கும். மற்ற சன்னல்களை நாமே எழுந்துபோய்த் திறக்க வேண்டும்.

இப்போது நம் ஆட்களின் பக்கம் வருகிறேன். லூஸுக்குச் சில மைல் வடக்கே நவ் ஷாப்பேல் என்ற ஊர். 1915 மார்ச்சில் அங்கே இந்தியப் படையணி போரிட்டது. ஜான் விழுந்த அதே செப்டம்பரில், லூஸ் தாக்குதல் தொடங்கிய 25ஆம் தேதியன்றே, எதிரியின் கவனத்தைத் திருப்ப அந்தப் பகுதியில் நடந்த தாக்குதலில் மீரட் டிவிஷன் இருந்தது. கூர்க்கா வீரர் குல்பீர் தாப்பா காயம்பட்டவர்களை எதிரி வரிசைக்கருகிலிருந்து தூக்கி வந்து விக்டோரியா கிராஸ் பெற்றது அந்தத் தாக்குதலில்தான். 1927 அக்டோபரில் நவ் ஷாப்பேலில் இந்தியர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. வட்டமான மதில், சாஞ்சியை நினைவூட்டும் கற்கிராதி, 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். கிப்ளிங் அந்த விழாவில் கலந்துகொண்டார். ஐரோப்பிய மண்ணில் இறந்த இந்தியனுக்குப் பெயர் கிடைத்தது.

ஆனால் பிரான்சோடு முடிந்ததா போர்? மெசொபொட்டேமியா இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கா இருக்கிறது. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு? பட்டாளத்தின் பெயரையும், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் பொறித்தார்கள். ஓர் அங்குலம் கூடாது, ஓர் அங்குலம் குறையாது என்றார்களே, அந்த அளவுகோல் சூயஸ் கால்வாயைத் தாண்டவில்லை!

கிழக்கு ஆப்பிரிக்காவின் கதை இன்னும் கொடுமை. அங்கே போரின் பாரத்தைத் தலையில் சுமந்தவர்கள் ஆப்பிரிக்கச் சுமைகூலிகள். பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் ஆகிய மூன்று நகரங்களில் அவர்களுக்குச் சிலை வைத்தார்கள். சிலையின் அடியில் பொறிக்க வாசகம் எழுதித் தந்தவர் யார் தெரியுமா? கிப்ளிங். சுமைகூலிகளைப் படையின் கையும் காலும் என்று புகழ்ந்துவிட்டு, நீங்கள் இறந்தாலும் உங்கள் பெயரை உங்கள் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பார்கள் என்ற பொருளில் முடித்தார். அந்தச் சின்னங்களில் ஒரே ஒரு சுமைகூலியின் பெயராவது உண்டா? இல்லை. பெயர் நிலைக்கும் என்கிறது கல். கல்லில் பெயர் இல்லை. தன் மகன் பெயருக்காக ஏங்கி ஏங்கித் தேய்ந்த மனிதர் எழுதிக்கொடுத்த வாசகம் இது!

நூறாண்டு கழித்து, 2021 ஏப்ரலில், ஆணையமே அமைத்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. பெயரே பதிவாகாமல், அல்லது எவ்விதத்திலும் நினைவுகூரப்படாமல் விடுபட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், அதற்கு மிக அதிகமாகவும் இருக்கலாம் என்றது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் அரசும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. தவறு எப்படி நடந்தது? ஆவணம் இல்லாமலா? சில இடங்களில் ஆவணம் இல்லைதான். ஆனால் பல இடங்களில், இந்த மக்களுக்குத் தனிக் கல்லறையின் அருமை தெரியாது, அவர்களுக்கு அது தேவையில்லை என்று அதிகாரிகள் தாங்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

தேவையில்லையாம்! யாருக்கு? நடுகல் கண்ட நமக்கா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லைப் பாருங்கள். 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல். கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் விழுந்த அந்தவன் என்பவனின் பெயர் தமிழி எழுத்தில் அதில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அவன் அரசன் அல்லன். ஊர்ப் பசுக்களுக்கான சண்டையில் மாண்டவன். கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு நிலை வகுத்திருக்கிறது. அந்த மரபில் வந்தவனுக்குப் பெயரின் அருமை தெரியாது என்று லண்டனிலும் டெல்லியிலும் மேசை போட்டு உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

ஜானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லூஸ் நினைவுச் சின்னம் 1930 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கல்லறை தெரியாத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவன் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டது. கிப்ளிங் 1936இல் காலமானார். கேரி 1939இல் காலமானார். எல்சி 1976இல், பிள்ளை இல்லாமல், காலமானார். அதோடு அந்தக் குடும்பம் முடிந்தது. 1992இல் ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹேன் என்ற ஊருக்கருகே ஒரு கல்லறைத் தோட்டத்தில், பெயர் தெரியாத ஐரிஷ் கார்ட்ஸ் லெஃப்டினன்ட் ஒருவரின் கல்லறை இருந்தது. அது ஜானுடையதே என்று தீர்மானித்துக் கல்லை மாற்றினார்கள். பதவி பொருந்தவில்லை, உடல் கிடைத்த இடம் பொருந்தவில்லை என்று சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். வரைபடக் குறிப்பில் பிழை இருந்தது, அது ஜானேதான் என்று வேறு சிலர் வாதிட்டார்கள். தகப்பன் தேடிய கல் வந்தபோது, போய் நிற்க அந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை.

மாணவ மாணவியரே, ஒரு நோபல் பரிசுக்காரரின் மகனுக்கு, மன்னர்களோடு பழகிய வீட்டுப் பிள்ளைக்கு, பெயர் பொறித்த ஒரு கல்லறை கிடைக்க 77 ஆண்டு ஆயிற்று. அதுவும் தேட ஆள் இருந்ததால். நம் ஊரிலிருந்து போனவனுக்கு?

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் போனார்கள். 74,000 பேர் திரும்பவில்லை. டெல்லி இந்தியா கேட்டில் இருப்பவை 13,000 சொச்சம் பெயர்கள். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்குப் போயிருக்கிறீர்களா? விமான நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. அங்கே இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளோடு, முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவில் பராமரிக்க முடியாமற்போன கல்லறைகளில் கிடக்கும் 1,000க்கும் மேற்பட்டவர்களுக்கும் நினைவுச் சின்னம் உண்டு. போய்ப் பாருங்கள். பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அருகில் வயது இருந்தால் அதையும் படியுங்கள். 19, 20, 21 என்று போகும்.

அடுத்து உங்கள் ஊருக்குப் போங்கள். தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில், பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ ஆங்கிலத்தில் பொறித்த சிறு பலகைக் கல் ஒன்று இருக்கும். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று சொல்லும். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் அதன்மேலும் சேர்த்து அடித்திருப்பார்கள். அந்தக் கல்லைக் கழுவுங்கள். பிறகு அந்த எண்ணிக்கைக்குப் பெயர் தேடுங்கள். காமன்வெல்த் ஆணையத்தின் பதிவேடு இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல பதிவுகளில் வீரனின் தகப்பன் பெயரும், ஊரும், தாலுகாவும், மாவட்டமும் இருக்கும். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். ஊர்ப்பெயர் தெரிந்த நாம்தான் அதைச் சரியாகப் படிக்க முடியும். கிராமத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். பட்டாளத்து வீடு என்று எந்த வீட்டைச் சொல்கிறார்கள்? யாருடைய பாட்டனின் அண்ணன் பஸ்ராவுக்குப் போய் வராமற்போனான்?

பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அவன் ஏன் போனான் என்று கேளுங்கள். வயிற்றுக்காகவா? வீட்டுக் கடனுக்காகவா? பண்ணையார் சொன்னதற்காகவா? ஆள் சேர்க்க வந்த ஏஜெண்டின் கணக்கை நிரப்பவா? இது வீரத்தைக் குறைக்கும் கேள்வி அல்ல. அனுப்பியவரை மறந்துவிட்டு, போனவனை மட்டும் புகழ்வது, அடுத்த பிள்ளையை அனுப்புவதற்கான ஏற்பாடு. சீருடை அணிந்து இங்கே வந்திருக்கும் ஐயாமார்களுக்கு நான் சொல்வது புரியும். களத்தில் நின்றவர்கள் போரைக் கொண்டாடுவதில்லை. கூட இருந்தவனின் பெயரைத்தான் சொல்வார்கள்.

போரே இல்லாத உலகம் நாளையே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எல்லையில் இன்றும் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்கள் நிற்பதால் நாம் இங்கே அமர்ந்திருக்கிறோம். அந்த நன்றியை மாலையாலும் முழக்கத்தாலும் மட்டும் தீர்த்துவிட முடியாது. அனுப்புகிற அதிகாரம் அரசுக்கு இருக்கிறது என்றால், கணக்குக் கேட்கிற கடமை நமக்கு இருக்கிறது. எதற்காக அனுப்பினீர்கள்? ஆயத்தம் செய்து அனுப்பினீர்களா? திரும்பாதவன் வீட்டை யார் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கும் நாடுதான் தன் வீரனை மதிக்கிற நாடு.

ஆகவே, அன்பர்களே, என் வேண்டுகோள் மூன்றே மூன்று. அவன் பெயரைச் சொல்லுங்கள். அவன் வயதைச் சொல்லுங்கள். அவனை அனுப்பியவர் யார் என்று கேளுங்கள். லூஸில் விழுந்த ஜானுக்காக இதைச் செய்தோம். பஸ்ராவில் எண்ணிக்கையாகிப்போன நம் சிப்பாய்க்காக இதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு யாரும் இல்லை, நாம்தான். வருகிற கோடை விடுமுறையில், இந்த மன்றத்து மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் நான் பேச வேண்டாம். நீங்கள் வரிசையாக வந்து அந்தப் பெயர்களைப் படியுங்கள், நான் கீழே அமர்ந்து கேட்கிறேன்.